உண்மையைக் காத்து வைத்தோர்

ஒரு நாட்டின் வரலாறு அரசு ஆவணங்களில் மட்டும் இருப்பதில்லை; எளிய மனிதர் பூட்டிவைத்த பழம் பெட்டிகளிலும் அது உறங்கிக் கிடக்கிறது. அப்பெட்டிகளைத் தேடிச் செல்வதையே தம் வாழ்வுப் பணியாகக் கொண்டவர், சீன நாட்டு ஆவணப்பட இயக்குநர் ஹூ ஜியே.

1958இல் பிறந்த இவர், பதினைந்து ஆண்டுகள் படைவீரராய் இருந்தவர், ஓவியமும் கற்றவர். 1995இல் சீலியன் மலைப்பகுதி நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் துயர வாழ்வைப் படமாக்கினார். பின்பு சின்ஹுவா என்னும் அரசுச் செய்தி நிறுவனத்தில் பணியில் சேர்ந்தார். லின் ஜாவ் என்ற பெண்ணின் வரலாற்றைத் தேடத் தொடங்கியதால், 1999இல் அப்பணியை விட்டு விலக நேர்ந்தது.

யார் இந்த லின் ஜாவ்? மெதடிஸ்டு சபையினர் சூஜோ நகரில் நிறுவிய பள்ளியில் பயின்று, கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவியவர். 1957இல் பெய்ஜிங் பல்கலைக்கழக மாணவியாய் இருந்தபோது, மனத்தில் பட்டதைத் துணிந்து பேசியதால் ‘வலதுசாரி’ எனக் குற்றம் சாட்டப்பட்டார். 1960இல் சிறைப்பட்டார். எழுதுகோல் மறுக்கப்பட்டபோது தம் குருதியாலேயே எழுதினார். 1968 ஏப்ரல் 29 அன்று ஷாங்காயில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரைக் கொன்ற குண்டுக்கு விலையாக ஐந்து காசு அவருடைய குடும்பத்தாரிடமே கேட்டுப் பெறப்பட்டது!

அவரை அறிந்த முதியோரை ஊர் ஊராகத் தேடிச் சென்று, 2004இல் ஹூ ஜியே அப்படத்தை நிறைவு செய்தார். லின் ஜாவின் சிறைக் கடிதத்தைத் தம் கையால் படியெடுத்துக் காத்துவந்த பழைய நண்பர் ஒருவரும் அதில் பேசுகிறார்.

‘நான் மறைந்தாலும்’ என்னும் படமோ மற்றொரு பெட்டியைத் திறக்கிறது. பண்பாட்டுப் புரட்சியின் தொடக்கத்தில், 1966 ஆகஸ்டு 5 அன்று, பெய்ஜிங் பெண்கள் பள்ளி ஒன்றின் துணைத் தலைமையாசிரியை பியான் ஜோங்யுன் தம் மாணவியராலேயே அடித்துக் கொல்லப்பட்டார். மறுநாள் அவருடைய கணவர் வாங் ஜிங்யாவ் ஒரு காமிரா வாங்கினார். மனைவியின் உடலைப் படமெடுத்தார். குருதி படிந்த ஆடைகளை நாற்பது ஆண்டுகள் மறைத்துக் காத்தார்.

ஹூ ஜியேயின் படங்களுக்குச் சீனத் திரையரங்குகள் திறக்கவில்லை. அவை குறுந்தகடுகளாகக் கைமாறியே மக்களைச் சென்றடைந்தன.

2014இல் அப்பள்ளியின் முன்னாள் மாணவியர் சிலர் பியானின் சிலைக்கு முன் தலைவணங்கி மன்னிப்புக் கோரினர். முதிர்ந்த வாங் அதனை ஏற்கவில்லை. அன்று நடந்தது என்ன என்ற முழு உண்மை முதலில் வெளிவர வேண்டும் என்றார்.

அவரைக் கடின நெஞ்சர் என்று நாம் கூறிவிடலாமா? மன்னிப்பைப் பற்றி அடிக்கடி பேசுகிற நாம் இங்குச் சற்று நின்று சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம். பாவத்தை அறிக்கையிடாமல் ஒப்புரவு இல்லை என்பது நாம் சிறுவயதிலேயே கற்ற பாடம். ஒருவர் உள்ளத்துக்குப் பொருந்தும் அந்நெறி ஒரு நாட்டுக்கும் பொருந்தாதோ? அறிக்கையிடும் நாள் வரும்வரை, உண்மையை யாரேனும் காத்து வைத்திருக்கத்தானே வேண்டும்!