வயர் போகும் தூரம் – தஞ்சாவூர் ரைஸ் மில்லும் நெய்வேலி சுரங்கமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சு தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த விஷயம். வயரைப் பத்தி. "வயரைப் பத்தி எழுத என்னய்யா இருக்கு"ன்னு கேக்குறவங்க ஒரு அஞ்சு நிமிஷம் பொறுத்துக்கங்க. இந்த வயரால ஒரு மனுஷன் நாலு நாள் திருடன்னு பேர் வாங்கினார்.

நான் படிச்சது ஈ.ஈ.ஈ., பண்றது பொட்டி தட்டுற வேலை. ஊர்ல மாமாவுக்கு சின்னதா ஒரு ரைஸ் மில் இருக்கு. சில வருஷம் முன்னாடி பொங்கலுக்குப் போனப்ப, லாரில மூட்டை ஏத்துறதுக்கு முன்னும் பின்னும் நகர்ற மாதிரி ஒரு கன்வேயர் வாங்கிப் போட்டிருந்தார். அதோட மூக்குல ஒரு சென்சார். ஒவ்வொரு மூட்டை கடந்து போறப்பவும் ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணும். ஒரு லோடுக்கு எண்ணிக்கை 412ன்னு காட்டிச்சு. இறங்குற இடத்துல எண்ணினா 400. 25 கிலோ மூட்டை பன்னண்டு காணோம்! பதினோரு வருஷமா மூட்டை தூக்குற ஒரு அண்ணன் மேல சந்தேகம் போச்சு. "மெஷின் பொய் சொல்லுமா"ன்னு மாமா கேட்டார். வேலைக்கு வரவேண்டாம்னும் சொல்லிட்டார்.

எனக்கு மட்டும் கொஞ்சம் உறுத்தல். மெஷின் தாராளமா பொய் சொல்லும். நாங்க எழுதுற ப்ரோக்ராமே தினம் சொல்லுது :-)

உக்காந்து பார்த்தேன். கன்வேயர் மோட்டாரை ஓட்டுறது வி.எஃப்.டி. அது கரண்ட்டை செகண்டுக்கு ஆயிரக்கணக்கான தடவை வெட்டி வெட்டி அனுப்பும். மோட்டார் வயரும் சென்சார் வயரும் ஒண்ணா கட்டி ஒரே வழியா போகுது. இரைச்சல் அதுல இருந்து இதுக்குத் தாவி, ஒவ்வொரு தாவலையும் கவுண்டர் ஒரு மூட்டைன்னு எண்ணிக்குது. இதைக் கண்டுபிடிச்சதும் பெரிய மேதை மாதிரி, 50 மில்லி செகண்டுக்குக் குறைவா வர்ற சிக்னலை எண்ணாதேன்னு ப்ரோக்ராம்ல ஒரு வரி சேர்த்தேன். தப்பு குறைஞ்சுது. ஆனா நிக்கல. அடுத்த லோடுலயும் மூணு மூட்டை கூட.

பெரியப்பா அப்பதான் வந்தார். 80கள்ல நெய்வேலி சுரங்கத்துல எலக்ட்ரிகல் பக்கம் வேலைக்குச் சேர்ந்து ரிடையர் ஆனவர். இப்ப ஒரத்தநாடு பக்கம் வீடு. என் லேப்டாப்பைத் திரும்பிக்கூடப் பாக்கல. கன்வேயரை ஒரு தடவை முன்னாடி தள்ளச் சொன்னார், பின்னாடி இழுக்கச் சொன்னார். அப்புறம் மெயினை ஆஃப் பண்ணிட்டு, வயரை ரெண்டு விரலுக்கு நடுவுல வெச்சு, மாலை தொடுக்குற மாதிரி அங்குலம் அங்குலமா தடவிக்கிட்டே வந்தார். ஒரு இடத்துல நிறுத்தி, "தம்பி, இங்க வெட்டு"ன்னார். வெட்டினா மேல சுத்தியிருந்த அலுமினியத் தாள் துண்டு துண்டா உதிருது. உள்ள செம்புக் கம்பி பாதி அறுந்து, மடங்கினா விட்டு, நிமிந்தா ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு தடவை விட்டு ஒட்டுறதும் ஒரு மூட்டை நேரத்துக்கு நீளம். என் 50 மில்லி செகண்ட் அங்க என்ன செய்யும்?

"மச்சான், சுவத்துல அடிக்கிற வயரை வாங்கி ஆடுற எடத்துல போட்டிருக்கீங்க"ன்னு மாமாகிட்ட சொன்னார். அவ்வளவுதான் அவர் விமர்சனம்.

அன்னிக்கு ராத்திரி திண்ணைல உக்காந்து அவர் பேசினதும், பிறகு நான் தேடிப் படிச்சதும்தான் இந்தக் கட்டுரை.

ஓடுற மெஷினுக்கு கரண்ட் கொடுக்கிறது நூறு வருஷத்துக்கு மேல பழைய தலைவலி. ட்ராம், ரயில் மாதிரி ஒரே தடத்துல ஓடுறதுக்குப் பிரச்சனை இல்ல, தலைக்கு மேல மூடாத கம்பி போட்டு உரசிக்கிட்டே போகலாம். பெரிய பட்டறைகள்ல கூரைக்குக் கீழ ஓடுற கிரேனுக்கும் ரொம்ப காலம் இதே வழிதான். ஆனா மண்ணுல, சேத்துல, இன்னிக்கு இங்க நாளைக்கு அங்கன்னு நகர்ற மெஷினுக்கு? அது வாலைப் பிடிச்சுக்கிட்டே வயரும் போகணும்.

அதுக்கு முன்னாடி இன்னொரு சிக்கல், வயரோட உள்ளேயே இருந்துச்சு. பழைய மூணு கம்பி கேபிள்ல மூணையும் காகிதம் சுத்தி, சேர்த்து முறுக்கி, மொத்தமா ஒரு ஈய உறை போடுவாங்க. வோல்டேஜ் ஏற ஏற, கம்பிகளுக்கு நடுவுல இருக்குற இடைவெளில மின்புலம் கண்டபடி பாய்ஞ்சு காகிதத்தைப் பொசுக்கிடும். 1914ல மார்ட்டின் ஹோக்ஸ்டேட்டர்னு ஒரு ஜெர்மன்காரர் ஒரு காப்புரிமை வாங்கினார். ஐடியா ரொம்ப எளிமை: ஒவ்வொரு கம்பியோட காப்புக்கு மேலயும் தனித்தனியா ஒரு மெல்லிய உலோகச் சட்டை போட்டு, அந்தச் சட்டையை எர்த்துல சேர்த்துடு. மின்புலம் அந்தச் சட்டைக்குள்ளயே சீரா அடங்கிடும். அவர் பேரோட முதல் எழுத்தை வெச்சு அதை 'எச் டைப்' கேபிள்னே சொல்றாங்க. இன்னிக்கு ஷீல்டு, ஸ்க்ரீன்னு நாம சொல்ற விஷயத்தோட ஒரு தாத்தா அது.

இனி நெய்வேலி. கதை நிறைய பேருக்குத் தெரிஞ்சதுதான். 1930கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல தண்ணிக்குத் துளை போட்டப்ப கறுப்பா ஏதோ வந்துச்சு. 1956ல கம்பெனி, 1957 மே மாசம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வெச்சார். 1961ல முதல் லிக்னைட் கண்ணுக்குத் தெரிஞ்சுது. 1962ல சோவியத் உதவியோட கட்டின அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சுது. மண்ணு வெட்டுற மெஷின் மட்டும் ஜெர்மனி. ரைன் நதிப் பக்கம் இதே மாதிரி பழுப்பு நிலக்கரியை ரொம்ப காலமா வெட்டுறவங்க அவங்க. ராட்டினம் மாதிரி ஒரு பெரிய சக்கரம், சுத்தி வாளி. இரண்டாம் சுரங்கத்துல ஓடுறதுல ஒரு வாளியோட கொள்ளளவு மட்டும் 1400 லிட்டர். நம்ம மொட்டை மாடி ஆயிரம் லிட்டர் டேங்க்கைவிடப் பெருசு!

இந்த ராட்சசன் டீசல்ல ஓடல, கரண்ட்டுல ஓடுது. ஆயிரக்கணக்கான வோல்ட் கேபிள் மண்ணு மேல கிடந்தபடியே மெஷின் பின்னாடி போகும். மெஷின் மனுஷன் நடக்கிறதைவிட மெதுவாதான் போகும். கேபிளை ஒரு பெரிய உருளை சுத்திக்கும், இல்லன்னா அவிழ்த்து விடும். மழைக் காலத்துல சேறு, வெயில் காலத்துல நெருப்பு மாதிரி மணல். கடலூர் மணற்கல் உப்புத்தாள் மாதிரி உரசும். பக்கத்துல புல்டோசர் வேற போகும் வரும்.

"புல்டோசர் பிளேடு கேபிள் மேல எறங்கிட்டா என்ன ஆகும்னு நெனக்கிற?"ன்னு கேட்டார் பெரியப்பா. வெடிக்கும்னேன். இல்லையாம். இங்கதான் ஹோக்ஸ்டேட்டர் போட்ட சட்டை மனுஷ உயிரைக் காப்பாத்துது. வெளியே இருந்து எது உள்ள போனாலும், கம்பியைத் தொடுறதுக்கு முன்னாடி எர்த்துல இருக்குற சட்டையைத் தொட்டாகணும். கம்பியும் கம்பியும் மோதி பெரிய தீப்பொறி வர்றதுக்குள்ள, கம்பிக்கும் எர்த்துக்கும் சின்னதா ஒரு கசிவு ஆகும். ரிலே அதை மோந்து பார்த்து சப்ளையை வெட்டிடும். அது போக உள்ள பைலட்னு ஒரு ஒல்லிக் கம்பி. குறைஞ்ச வோல்டேஜ்ல மெஷின் வரைக்கும் போய்த் திரும்பி வரும். கேபிள் அறுந்தாலோ ப்ளக் கழண்டாலோ அந்தச் சுற்று முறியும், முறிஞ்சா பிரேக்கர் விழும். நம்ம பாஷைல சொன்னா ஹார்ட்பீட் செக். சர்வருக்கு நாம எழுதுற அதே சமாச்சாரத்தை இவங்க செம்புல எழுதியிருக்காங்க.

கேபிளோட மேல்தோலும் ஒரு தனி வரலாறு. இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டா ஊதிப் போகும், நெருப்புக்கும் ஆகாது. 1930கள் தொடக்கத்துல ட்யூபான்ட் கம்பெனி கொண்டு வந்த நியோப்ரீன் வந்த பிறகுதான் சுரங்கத்துக்குத் தோதான தோல் கிடைச்சுது.

சின்ன மெஷின்களோட கதை கொஞ்சம் தாமதம். போருக்குப் பிறகு ஜெர்மன் தொழிற்சாலைகள்ல மெஷின்கள் வேகமா முன்னும் பின்னும் ஓட ஆரம்பிச்சப்ப, வயர் எதுலயாவது மாட்டி அறுந்துக்கிட்டே இருந்துச்சு. 1950கள்ல ஸீகன் பக்கம் கில்பர்ட் வானிங்கர் ஒரு ஸ்டீல் சங்கிலி செஞ்சார். மரவட்டை மாதிரி மடங்கும், உள்ள வயர் பத்திரமா படுத்திருக்கும். ஸ்டுட்கார்ட்ல 1959ல ஆஸ்கர் லாப்பும் அவர் மனைவி உர்சுலாவும் ஆரம்பிச்ச கம்பெனிதான் ஓல்ஃப்ளெக்ஸ்னு எண்ணெய் தாங்குற வளையும் கேபிளைப் பிரபலமாக்கிச்சு. கொலோன்ல இகஸ் கம்பெனி 1970கள்ல அந்தச் சங்கிலியை பிளாஸ்டிக்ல கொண்டு வந்துச்சு. கொலோன் பக்கத்துலயேதான் அந்த லிக்னைட் சுரங்கங்களும் இருக்குங்கிறது எனக்குப் பிடிச்ச ஒரு தற்செயல்.

சரி, மாமா மில்லுக்கு என்ன வாங்கினோம்? இதைச் சொல்லாம விட்டா மாமா கோவிச்சுப்பார்.

வயரை மடக்கினா வெளிப்பக்கம் இழுபடும், உள்பக்கம் நசுங்கும். ஒரே தடிக் கம்பியா இருந்தா சீக்கிரம் அறுந்துடும். தலைமுடி மாதிரி மெல்லிசான இழைகள் நிறைய சேர்ந்திருந்தா ரொம்ப நாள் தாங்கும். இழை எவ்வளவு மெல்லிசுன்னு சொல்றதுக்கு கிளாஸ் 5, கிளாஸ் 6ன்னு சர்வதேசத் தரம் இருக்கு, ஓயாம ஆடுற எடத்துக்கு 6 கேக்கணும். இழை மட்டும் போதாது, முறுக்கும் சரியா இருக்கணும். மல்லிகைச் சரத்தை நெருக்கமா கட்டினா எப்படி வளைச்சாலும் பூ உதிராது இல்லையா, அந்த மாதிரி நெருக்கமான முறுக்கு. தளர்வா முறுக்கி அடுக்கடுக்கா போட்டா கொஞ்ச நாள்ல கேபிள் பன்றி வால் மாதிரி சுருண்டுக்கும்.

ஷீல்டுல அலுமினியத் தாள் இரைச்சலை நல்லாவே மறைக்கும், ஆனா ஆட்டினா நொறுங்கும். மாமா மில்லுல நடந்தது அதுதான். ஆடுற எடத்துக்கு ஈயம் பூசின செம்பு இழைப் பின்னல் வேணும். பின்னலுக்கும் உள்ள இருக்குற கம்பிகளுக்கும் நடுவுல வழுக்குற மாதிரி ஒரு அடுக்கு இருக்கணும், இல்லன்னா ஒண்ணை ஒண்ணு அரைச்சுக்கும். முறுக்கிக்கிட்டே திரும்புற எடமா இருந்தா பின்னலும் நிக்காது, ஒரே திசைல சுத்தின இழை வேணும். இதெல்லாம் சரியா பண்ணிட்டு, கடைசில பேனல்ல அந்தப் பின்னலைத் திரிச்சு நீளமா வால் விட்டு எர்த்துல கட்டுவாங்க பாருங்க... அதிர்வெண் அதிகமான இரைச்சலுக்கு அந்த வால் ஒரு கதவைத் திறந்து விடுது. பின்னலை முழு வட்டமா கவ்வுற கிளாண்டு போடணும். மோட்டார் வயருக்கு ரெண்டு முனையிலயும் எர்த். சென்சார் மாதிரி சின்ன சிக்னலுக்கு ஒரு முனை போதும்ங்கிறது பழைய பழக்கம். ரெண்டையும் தள்ளித் தள்ளிப் போடணும்ங்கிறதை நான் முதல் நாளே செஞ்சிருக்கணும்.

தோலுக்கு பாலியூரித்தேன். விலை பிவிசியைவிடக் கூட. ஆனா நெல் உமியை எரிச்சா வர்ற சாம்பல் பெரும்பாலும் சிலிக்கா, அதாவது மணல். மில்லுல பறக்குற உமித்தூசி நாள் முழுக்க வயரை அரம் போட்டுத் தேய்க்குது. நெய்வேலி மணற்கல்லோட குட்டித் தம்பி. எலி வேற இருக்கு, அதுக்கு எந்தத் தோலும் ஒண்ணுதான்.

வளைவோட ஆரம் கேபிள் தடிமனைப் போல பத்து மடங்காவது வெச்சோம். சங்கிலிக்குள்ள வயரைக் கட்டக்கூடாது, ரெண்டு முனையில மட்டும் பிடிப்பு. பெரியப்பா அடம் பிடிச்ச ஒரே விஷயம், சுருள்ல இருந்து வயரை வளையம் வளையமா உருவக்கூடாது, சுருளை உருட்டித்தான் அவிழ்க்கணும்னு. உருவினா முறுக்கு உள்ளயே தங்கிடும். கடைக்காரர் முகத்தைப் பார்க்கணுமே!

புது வயர் போட்ட பிறகு எண்ணிக்கை ஒண்ணுகூடத் தப்பல. மாமா அந்த அண்ணனைக் கூப்பிட்டு நாலு நாள் கூலியையும் கொடுத்தார். மன்னிப்புன்னு ஒரு வார்த்தை சொல்லல. அவரும் காசை வாங்கி மடில முடிஞ்சுக்கிட்டு நேரா மூட்டை கிட்ட போயிட்டார். எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்துச்சு.

அப்புறம் 2023 மார்ச் கடைசி. மத்திய அரசு ஏலம் விட்ட நிலக்கரிப் பட்டியல்ல வடசேரி, மைக்கேல்பட்டி, கிழக்கு சேத்தியாத்தோப்புன்னு மூணு பேர். வடசேரி ஒரத்தநாடு பக்கம். மன்னார்குடி லிக்னைட் படுகை நெய்வேலியைவிட ஆழத்துல, நம்ம வயலுக்குக் கீழ படுத்திருக்குன்னு நிபுணர்களுக்கு ரொம்ப நாளா தெரியும். 2020 பிப்ரவரிலயே தஞ்சை, திருவாரூர், நாகை, கடலூர் புதுக்கோட்டைல சில ஒன்றியங்கள் எல்லாம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாச்சு. அப்படியும் பட்டியல் வந்துச்சு. ஊர் கொதிச்சுது, முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார், ஏப்ரல் 8ந்தேதி மூணையும் எடுத்துட்டதா மத்திய அமைச்சர் பிரல்ஹாத் ஜோஷி அறிவிச்சார். அதே வருஷம் ஜூலைல மேல்வளையமாதேவில, இரண்டாம் சுரங்க விரிவாக்கத்துக்காக, கதிர் நின்ன வயல்ல மெஷின் இறங்கினதை எல்லாரும் டிவில பார்த்தோம்.

அந்த ஜூலைல நான் ஊர்லதான் இருந்தேன். பெரியப்பா டிவியையே பார்த்துக்கிட்டு இருந்தார். வாழ்நாள் பூரா அவருக்குச் சோறு போட்டது அந்தச் சுரங்கம், நிலம் இருக்கிறதோ வடசேரிக்குப் பக்கத்துல. எந்தப் பக்கம் பேசுவார்னு எனக்குத் தெரியல. கடைசில, "இது டீசல் வண்டி. வாய்க்கா வெட்ட வந்திருக்கு"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "கேபிள் இழுத்துக்கிட்டு வர்றது வேற. அது வந்துட்டா திரும்பிப் போக வராது"ன்னு சொல்லிட்டு, நாத்தங்காலுக்குத் தண்ணி கட்ட எழுந்து போனார்.