ஆசிரியக் கல்வியும் ஆன்மிகமும் (இலங்கை)

ஆசிரியருக்குக் கல்வி முதன்மையா, ஒழுக்கம் முதன்மையா என்பது இலங்கையில் மிகப் பழைய வழக்கு. அதன் தடயம் மாத்தளை மாவட்டத்திலும் உண்டு. மாத்தளை நகருக்குச் சற்று வடக்கே உள்ள அலுவிகாரையில்தான், கி.மு. 1ஆம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக வந்த பௌத்த மறையான திரிபிடகம் ஏட்டில் ஏறியது என்பது மரபு. பஞ்சத்திலும் போரிலும் மனனம் செய்த பிக்குகள் மடிந்தால் போதனையும் போய்விடும் என்ற அச்சமே காரணம்.

அதே பஞ்சத்தின் பின் பிக்குகளிடையே ஒரு விவாதம் எழுந்ததாக அங்குத்தர நிகாய உரை கூறுகிறது. புத்த சாசனத்துக்கு வேர் கற்றலா, அனுட்டானமா? கந்தல் உடுத்தித் தவம் செய்தோர் அனுட்டானம் என்றனர். தர்மம் உரைப்போர் கற்றல் என்றனர். வென்றவர்கள் பின்னவர்கள்.

ஆனால் வென்ற தரப்பும் பிக்குகளின் ஒழுக்க நெறியான விநய விதிக்குக் கட்டுப்பட்டதே. புதிய பிக்கு குறைந்தது 5 ஆண்டு ஆசிரியரை அண்டி வாழவேண்டும். தேர்ச்சி வராவிட்டால் அந்தக் காலம் நீளும். தானே ஆசிரியராக 10 ஆண்டு மூப்பும் தகுதியும் தேவை. காலையில் மாணவர் எழுந்து குருவுக்குப் பல்குச்சியும் முகம் கழுவ நீரும் வைக்கவேண்டும். மாணவர் நோயுற்றால் அதே பணிவிடையைக் குரு அவருக்குச் செய்யவேண்டும். பயிற்சியின் ஆன்மிகம் உபதேசத்தில் அல்ல, இந்த இருபக்கக் கடமையில்தான் இருந்தது எனலாம்.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும், ஆசிரியர்களைப் பயிற்றும் தேசிய கல்வியியற் கல்லூரிகளிலும் விடுதி வாழ்வு உண்டு: 2 ஆண்டு கல்லூரியில், 1 ஆண்டு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. பாடசாலையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் சமயத்தைப் பாடமாகக் கற்பதால், அதைக் கற்பிக்கவும் ஆசிரியர்கள் பயிற்றப்படுகின்றனர். சமய அறிவைப் பரீட்சையில் அளந்துவிடலாம். பிள்ளையிடம் ஆசிரியர் காட்டும் பொறுமையை அளக்கும் வினாத்தாள் எதுவும் இல்லை.

ஆசிரியப் பணியும் ஆன்மிகமும் இணைவதற்குத் தமிழ்ப் பக்கத்தில் சுவாமி விபுலாநந்தர் (1892–1947) சிறந்த எடுத்துக்காட்டு. கொழும்பில் ஆசிரியப் பயிற்சி பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர், 1924இல் சென்னையில் துறவு பூண்டார். துறவு அவரைப் பள்ளிக்கூடத்திலிருந்து பிரிக்கவில்லை. இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்திய பின், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றினார்.