தூணுக்குக் கீழே நின்றவர்கள்

என் தாத்தா எந்தப் புது வீட்டுக்குள் போனாலும் கைத்தடியால் உத்தரத்தையும் சுவரையும் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் உட்காருவார். உத்தனப்பள்ளியில் எங்கள் தெருவே இதைச் சொல்லிச் சிரிக்கும். கோலார் தங்கவயலில் இருபது வருசத்துக்கு மேல் பூமிக்கு அடியில் வேலை பார்த்தவர் அவர். "கணீர்னு கேட்டா கல்லு கெட்டி. சொத்துன்னு கேட்டா பின்னால விரிசல் இருக்குது, தள்ளி நில்லு கண்ணு" என்பார். இதை அவருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் சொல்லித்தரவில்லை.

சுரங்கம் பற்றிய புத்தகங்களைப் பின்னாளில் படித்தபோது, கூரையைத் தட்டிப் பார்ப்பது உலகம் முழுக்க உள்ள நிலக்கரித் தொழிலாளிகளின் வழக்கம் என்று தெரிந்தது. தாத்தாவின் அறிவுக்கு அந்தப் புத்தகங்களில் பெயர் இருந்தது. தாத்தாவைப் போன்றவர்களுக்கு இல்லை. இந்தக் கட்டுரைக்குக் காரணம் அதுதான்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி கோலாரில் காலூன்றியபின் அங்கே திரண்ட தொழிலாளரில் பெரும்பகுதி வடஆற்காடு, சேலம், சித்தூர் பகுதிகளின் சேரிச் சனங்கள். ஓசூரும் கிருஷ்ணகிரியும் 1965 வரை சேலம் ஜில்லாவில்தான் இருந்தன. பண்ணையடிமைத்தனத்துக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் போனவர்கள் மூங்கில் தட்டி வீடுகளில் குடியிருந்தார்கள். அயோத்திதாசர் 1907இல் தொடங்கிய பத்திரிகைக்கு அங்கே வாசகர்கள் இருந்தார்கள். மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடந்தது. 1926இல் 'தமிழன்' தங்கவயலிலிருந்தே மறுபடி வெளிவந்தது. கம்பெனிக் கணக்கில் வெறும் 'கூலி' என்று எழுதப்பட்டவர்கள் மேலே வந்து பத்திரிகை படித்தவர்கள் என்பதை மறக்கக்கூடாது.

சுரங்கம் என்றால் தோண்டுவது என்றுதான் நினைக்கிறோம். எதைத் தோண்டாமல் விடுவது என்பதில்தான் உயிர் இருக்கிறது. நிலக்கரிச் சுரங்கத்தில் முதலில் குறுக்கும் நெடுக்குமாகப் பாதை வெட்டி, நடுவில் கரியையே தூண்களாக நிற்கவிடுவார்கள். மேலே உள்ள பாறை முழுவதையும் அந்தத் தூண்கள் தாங்கும். ஒரு மீட்டர் பாறை சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டரை டன் பாரம். 200 மீட்டர் ஆழத்தில் 500 டன். முக்கால் பங்கு கரியை எடுத்துக் கால் பங்கைத் தூணாக விட்டால், தூணின் ஒவ்வொரு சதுர மீட்டரும் 2000 டன் சுமக்க வேண்டும். குட்டையும் அகலமுமான தூண் தாங்கும். ஒல்லியும் உயரமுமானது நொறுங்கும்.

கடைசியில் அந்தத் தூண்களையும் எடுப்பார்கள். கோடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே பின்வாங்க, பின்னால் கூரை விழுந்துகொண்டு வரவேண்டும். விழாமல் தொங்கினால் அந்தப் பாரமெல்லாம் பக்கத்துத் தூணில் ஏறும், தொழிலாளி நிற்பது அதன் ஓரத்தில்தான்.

தங்கவயலில் கரி இல்லை, கெட்டிப் பாறை. ஆனால் கணக்கு ஒன்றுதான். இரண்டு பக்கமிருந்தும் தாது எடுத்துக்கொண்டே வந்தால் நடுவில் மிஞ்சும் துண்டுப் பாறையில் பாரம் குவியும். ஒரு நொடியில் அது வெடித்துச் சிதறும். ஆரம்பகால வெள்ளைக்காரப் பொறியாளர்கள் இதை 'ஏர் பிளாஸ்ட்' என்றார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. ஆழம் கூடக்கூட வெடிப்பும் கூடியது. மரமுட்டுகள் போய்க் கருங்கல் சுவர்கள் வந்தன, பிறகு கான்கிரீட் வந்தது. 1978இல் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் துணையோடு நில அதிர்வைப் பதியும் கருவிகள் வைத்தார்கள். 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலிலேயே அமைந்தது. நாட்டின் நிலக்கரிச் சுரங்கக் கூரைகளை ஆராயும் நிறுவனங்களில் அதுவும் ஒன்று. அது தங்கவயலில் வந்ததற்கு, எங்கள் சனங்கள் மேல் பாறை வெடித்த நூறு வருச அனுபவமும் ஒரு காரணம்.

தென்னாப்பிரிக்காவிலும் இதே கதை. 1960 ஜனவரி 21 அன்று கோல்புரூக் நிலக்கரிச் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கின. கூடுதல் கரிக்காகக் கூரைப் பக்கத்தையும் வெட்டித் தூண்களை உயரமாக்கியிருந்தார்கள். சில வாரங்களுக்கு முன்னாலேயே ஒரு பகுதி சரிந்திருந்தது. ஆனாலும் வேலை நிற்கவில்லை. நானூறு பேருக்கும் மேல் செத்தார்கள். பெரும்பாலோர் பசுட்டோலாந்திலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் பிழைக்க வந்த கறுப்பினத்தவர். அதன்பிறகுதான் அரசு ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. 1967இல் சாலமனும் மன்றோவும் நின்ற தூண்களுக்கு 98 உதாரணமும் சரிந்தவற்றுக்கு 27 உதாரணமும் வைத்து, தூணின் வலுவைக் கணக்கிடும் சூத்திரம் தந்தார்கள். வலு பாரத்தைப்போல 1.6 மடங்காவது இருக்கட்டும் என்றார்கள். அந்தச் சூத்திரம் இன்றும் உலகமெங்கும் பாடம். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த 27க்கு உள்ளே மனிதர்கள் கிடக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

காது போதும், கருவி வேண்டாம் என்று யாராவது சொன்னால் தாத்தாவே ஒத்துக்கொள்ள மாட்டார். "கல்லு பேசும். ஆனா எல்லா நேரமும் பேசாது" என்பார். மரமுட்டு முறிவதற்கு முன் முனகும். பாறை வெடிப்பு பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாது. அதனால் கருவி வேண்டும், சூத்திரமும் வேண்டும். என் கேள்வி வேறு. கணக்கு சரியில்லை, இன்றைக்கு இறங்க மாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் யாருக்கு? தாத்தாவிடம் இதைக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சொல்லலாம். மறுநாள் வேலை இருக்காது" என்றார்.

2007இல் அமெரிக்காவின் கிராண்டால் கேன்யனில் தூண் எடுக்கும்போது சுரங்கம் சரிந்து 6 பேர் மாண்டார்கள், மீட்கப்போன 3 பேரும் மாண்டார்கள். அங்கேயும் நிபுணர் போட்ட கணக்கு இருந்தது, அது தப்பாக இருந்தது. நம் நாட்டிலும் தூண் எடுப்பு நடக்கிறது. கணக்கை அடியில் நிற்பவன் மொழியில் அவன் கையில் கொடுப்பதும், அவன் 'வேண்டாம்' என்றால் கூலி போகாமல் வேலையை நிறுத்துவதும் பாதுகாப்பின் பகுதிகள்தான். இதைக் கேட்பது தொழிற்சங்கப் பிரச்சினை மட்டுமல்ல, சாதிப் பிரச்சினையும்தான்.

2001 பிப்ரவரி 28இல் தங்கவயல் மூடப்பட்டது. அடியில் இறங்கியவர்களில் இன்னும் சிலர் நம் ஊர்த் திண்ணைகளில் இருக்கிறார்கள். மாணவர்களும் எழுதுகிறவர்களும் அவர்களிடம் போங்கள். எந்தச் சுரங்கம், எத்தனையாவது மட்டம், எந்தச் சத்தம் கேட்டது, பக்கத்தில் நின்றவர் யார் என்று கேட்டு எழுதுங்கள். தாத்தாவிடம் இதையெல்லாம் முழுசாகக் கேட்காமலே விட்டுவிட்டேன்.