பறவைகளை எண்ணியதால் பிழைத்த சதுப்புநிலம்

மாணவர்களே, "பறவையை எண்ணி என்ன ஆகப்போகுது?" என்று கேட்கத் தோன்றுகிறதா? சுங்கை பூலோவின் வரலாற்றைப் பாருங்கள்.

1986இல் மலாயன் இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள், அங்கிருந்த இறால் குட்டைகளில் வலசைப் பறவைகள் கூட்டங்கூட்டமாக இறங்குவதைக் கண்டார்கள். அந்த நிலமோ வேளாண் தொழில்நுட்பப் பண்ணைகளுக்காக ஒதுக்கப்பட்டிருந்தது. ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. தாங்கள் பதிந்த பறவை விவரங்களோடு அரசிடம் கோரிக்கை வைத்தார்கள். பலன் கிடைத்தது. 1989இல் அது இயற்கைப் பூங்கா என அறிவிக்கப்பட்டது. 1993இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டர் பரப்புள்ள இயற்கை வனப்பகுதியாகச் சட்டப் பாதுகாப்பும் பெற்றது.

1987இல் இந்தியத் துணைக்கண்டத்தில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கி, பிற ஆசிய நாடுகளுக்கும் பரவியது. ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கும் இதில் எண்ணுபவர்களில் பெரும்பாலோர் தொண்டூழியர்களே. கடல்நீர் ஏறும்போது சேற்றுத்திட்டுகள் மூழ்கிவிடும்; பறவைகள் ஓரிடத்தில் ஒதுங்கும். எண்ணுவதற்கு அதுதான் தோதான நேரம்.

ஒரு வருஷக் கணக்கை மட்டும் வைத்துப் பறவைகள் குறைகின்றனவா எனச் சொல்ல முடியாது. பல ஆண்டுக் கணக்கு இருந்தால்தான் தெரியும். "தொண்டூழியத்தின் பயன்" என்று தேர்வில் தலைப்பு வந்தால், இந்த ஆண்டுகளை வரிசைப்படுத்தி எழுதுங்கள்; உங்கள் கருத்துக்கு அதுவே சான்று.