பாடாத கதாநாயகன்

தான் உயிரோடு இருக்கும்வரை ‘பிக்மேலியன்’ நாடகத்தை இசை நாடகமாக்க விடமாட்டேன் என்று பெர்னார்ட் ஷா அடம்பிடித்ததைப் போன வாரம் பார்த்தோம். 1950-ல் அவர் மறைந்தார். ஆறே ஆண்டில் அது ‘மை ஃபேர் லேடி’ ஆகிவிட்டது. பேராசிரியர் ஹிக்கின்ஸ் வேடத்துக்கு ரெக்ஸ் ஹாரிசனைப் பிடித்தார்கள். வசனத்தில் புலி. பாட்டுதான் வராது!

அன்றைய பிராட்வேயில் கதாநாயகன் என்றால் கணீர்க் குரல் வேண்டும். 1949-ல் ‘சவுத் பசிஃபிக்’குக்கு ஆப்பெரா பாடகர் எட்சியோ பின்சாவையே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஹாரிசனும் முதலில் முறையாகப் பாட்டு கற்கப் போனார், தேறவில்லை. பிறகுதான் வழி பிடிபட்டது. சொற்களைத் தாளம் தப்பாமல் பேசுவது, மெட்டை வாத்தியங்கள் பார்த்துக்கொள்ளும். அங்கங்கே ஒரு சொல்லில் மட்டும் சுரத்தைத் தொட்டுவிட்டு நழுவிவிடுவார். யோசித்தால், அந்தப் பாத்திரத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? வாய் திறந்தாலே ஆள் லண்டனில் எந்தத் தெரு என்று சொல்லிவிடும் ஒலியியல் பேராசிரியர் அவர். பூக்காரி எலைசா பாடட்டும், இவர் எதற்குப் பாடவேண்டும்?

எழுதுவது சுலபம். 1956 பிப்ரவரி 4, நியூ ஹேவன் நகரில் வெள்ளோட்டம். வெளியே பனிப்புயல். முழு வாத்தியக் குழுவோடு ஒத்திகை பார்த்ததுமே ஹாரிசனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. இன்று மேடையேற மாட்டேன் என்று அறைக்குள் உட்கார்ந்துவிட்டார். நாடகம் ரத்து என்று வானொலியில் அறிவித்தாயிற்று, நடிகர்களும் கலைந்தாயிற்று. பனியைப் பொருட்படுத்தாமல் ஜனங்களோ வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி நேரத்தில் மனுஷர் இறங்கிவந்தார். போனவர்களைத் தேடிப் பிடித்துத் திரையைத் தூக்கினார்கள்.

மார்ச் 15-ல் நியூயார்க். நாடகம் 2,717 காட்சிகள் ஓடியது.

1964-ல் சினிமாவாக எடுத்தபோது வேறொரு சிக்கல். பாட்டை முன்பே பதிவுசெய்து, படப்பிடிப்பில் வாயசைப்பதுதான் வழக்கம். ஹாரிசன் ஒரு தடவை பேசியதுபோல் மறுதடவை பேசுகிறவரா? மறுத்துவிட்டார். கழுத்து டைக்குள் கம்பியில்லா மைக்கை ஒளித்துவைத்து, அங்கேயே பேசப் பேசப் பதிந்தார்கள். அதே படத்தில் எலைசாவாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னுக்கு, அவர் பாட்டுப் பயிற்சி எடுத்திருந்தும், பெரும்பாலான பாடல்களில் மார்னி நிக்சனைக் குரல் கொடுக்க வைத்தார்கள். பாட்டே வராதவருக்குத்தான் சொந்தக் குரலும் ஆஸ்கரும்!

சரி, மேடையில் எலைசாவாகப் பாடி அசத்திய ஜூலி ஆண்ட்ரூஸ் எங்கே? படத்தில் அவருக்கு இடமில்லை. அந்தக் கதை அடுத்த வாரம்.