பினாங்குப் போரியா: துக்கச் சடங்கிலிருந்து போட்டி மேடைக்கு

பினாங்கின் போரியா இன்று மலாய் மேடைக்கலையாகவே அறியப்படுகின்றது. முதலில் நகைச்சுவைக் குறுநாடகமொன்று நடைபெறும். பின்னர் 'துக்காங் காராங்' எனப்படும் தலைப்பாடகர் பாட, ஒரே வகை உடையணிந்த குழுவினர் அதனைத் திரும்பப் பாடி ஆடுவர். இக்கலையின் தோற்றத்தில் இந்தியர்க்கிருந்த பங்கு இன்று பெரிதும் மறக்கப்பட்டுள்ளது.

'போரியா' என்பது பாய் அல்லது சாக்கு எனப் பொருள்படும் இந்துஸ்தானிச் சொல்லோடு தொடர்புடையது என்பர். அது தமிழ்ச்சொல்லன்று, ஆர்வமிகுதியால் இதனைத் தமிழ்க்கலை என உரிமை கோருவதும் பொருந்தாது. கி.பி. 680இல் கர்பலாவில் இமாம் ஹுசைன் கொல்லப்பட்டதை நினைவுகூரும் முஹர்ரம் மாதத்தின் முதற் பத்து நாள்களில் இது நிகழ்த்தப்பட்டது. சென்னைப் படைப்பிரிவுச் சிப்பாய்களே இதனைக் கொணர்ந்தனர் என்பது மரபுவழிச் செய்தி. துக்க நாள்களில் வேடிக்கை எவ்வாறு புகுந்தது என வினவலாம். தமிழகத்தில் முஹர்ரத்தின்போது புலிவேடமிட்டு ஆடிய வழக்கத்தையும், அதில் இந்துக்களும் கலந்துகொண்டதையும் அறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. பினாங்கிலோ சூலியா முஸ்லிம்களும், அவர்தம் மலாய் உறவால் தோன்றிய ஜாவி பெக்கான் சமூகத்தாரும் இதனை மலாய்மொழிக் கலையாக்கினர்.

போரியா வெறும் பொழுதுபோக்காக இருந்ததில்லை. குழுக்கள் கம்பங்களின் அடையாளங்களாயின. முஹர்ரம் குழுக்களிடையே நிலவிய போட்டி, வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடிச் சங்கங்களின் பகைமையோடு பிணைந்தது. 1867 ஆகஸ்டில் இச்சங்கங்கள் கீ ஹின், தோ பே கோங் ஆகிய சீன இரகசியச் சங்கங்களுடன் அணிசேர்ந்து மோதியபோது ஜோர்ஜ்டவுன் பல நாள்கள் கலவரத்தில் மூழ்கியது. இனத்தால் அன்றி வட்டாரத்தாலும் சங்கத்தாலும் அணிகள் பிரிந்திருந்தமை கருதத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தவாதிகள் போரியாவைக் கடுமையாகச் சாடினர். பின்னர் முஹர்ரத் தொடர்பு படிப்படியாக அற்று, போட்டிகளும் விழாக்களும் அதற்குப் புத்துயிர் அளித்தன. ஆடவரே பெண்வேடமிட்ட நிலை மாறிப் பெண்களும் மேடையேறினர். இரஹ்மா புஜாங்கின் 1987ஆம் ஆண்டு ஆய்வுநூல் இக்கலையை மலாய் நாடகவகையாக வைத்தே ஆராய்கின்றது. 2008இல் ஜோர்ஜ்டவுன் உலக மரபுரிமைத் தகுதி பெற்றபின் மரபுக்கலைகள் மீதான கவனமும் மிகுந்தது.

இம்மீட்சி குறைகூறத்தக்கதன்று, அதுவின்றேல் பாடுவோரே அருகியிருப்பர். எனினும், வீடுவீடாகச் சென்று பாடி, வீட்டாரைப் புகழ்ந்தும் நையாண்டி செய்தும் அன்பளிப்புப் பெற்ற குழுவுக்கும், நேர வரம்புக்குட்பட்டு நடுவர்முன் ஆடும் குழுவுக்கும் உள்ள இடைவெளி சிறிதன்று. முன்னதில் கம்பமே அவையாக இருந்தது. அக்கம்பங்களின் பெயர்கள் பல இன்று ஜோர்ஜ்டவுனின் சந்துகளில் மட்டுமே எஞ்சியுள்ளன.