ரப்பர் பால்வெட்டுப் பயிற்சி: தொழிலாளரும் சிறு தோட்டக்காரரும் அறிய வேண்டியவை

குன்னத்துகால் (கேரளா):

கேரளத்தின் தென்கோடியில், தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குன்னத்துகால் ஊராட்சி. நெய்யாற்றின்கரை வட்டத்தைச் சேர்ந்த இப்பகுதியிலும், எல்லைக்கு அப்பால் கன்னியாகுமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கல்குளம் பகுதிகளிலும் ரப்பர் முக்கியப் பணப்பயிராக விளங்குகிறது. இங்குள்ள தோட்டங்களில் பெரும்பாலானவை ஒரு ஹெக்டேருக்கும் குறைவான சிறு நிலங்களே. இத்தகைய தோட்டத்தின் வருவாய் பால்வெட்டும் தொழிலாளியின் கைத்திறனையே பெரிதும் சார்ந்துள்ளது.

பயிற்சி ஏன் அவசியம்?

ரப்பர் கன்று நட்டு, மரம் பால்வெட்டுக்குத் தயாராக ஏறத்தாழ 7 ஆண்டுகள் ஆகும். ஒட்டுக்கன்று மரத்தின் சுற்றளவு, ஒட்டு இணைப்பிலிருந்து 125 செ.மீ. உயரத்தில் 50 செ.மீ. எட்டிய பின்னரே வெட்டுத் தொடங்க வேண்டும். அதன் பிறகு 20 ஆண்டுகளுக்கும் மேலாக மரம் பலன் தரும்.

பால் சுரக்கும் நுண்குழாய்கள் பட்டையின் உட்பகுதியில், மரத்தோடு ஒட்டிய வளர்படலத்துக்கு மிக அருகே செறிந்துள்ளன. வெட்டு ஆழம் குறைந்தால் பால் குறையும். ஆழம் மிகுந்து படலத்தில் கத்தி பட்டால் காயம் உண்டாகும். அந்த இடத்தில் புதிதாக வளரும் பட்டை மேடுபள்ளமாகி, பின்னாளில் அங்கு மீண்டும் வெட்ட இயலாமல் போகும். இவ்வாறு ஒரு மில்லிமீட்டர் அளவிலான பிழை, பல ஆண்டு வருவாயைப் பாதிக்கிறது. நாளொன்றுக்கு சுமார் 300 மரங்களை வெட்டும் தொழிலாளிக்கு இந்த நிதானம் பழக்கத்தால் மட்டுமே வரும்.

பயிற்சியில் கற்பிக்கப்படுபவை

வெட்டுக்கோடு மேல் இடப்புறத்திலிருந்து கீழ் வலப்புறமாக, ஒட்டுக்கன்று மரங்களில் சுமார் 30 பாகை சரிவில் அமைய வேண்டும். பால்குழாய்கள் பட்டைக்குள் சற்றுச் சாய்ந்து செல்வதால், இத்திசையில் வெட்டும்போது கூடுதல் குழாய்கள் திறக்கின்றன. ஒவ்வொரு முறையும் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் பட்டையை மட்டுமே சீவ வேண்டும். அதற்கு மேல் சீவினால் பால் கூடுவதில்லை. பட்டைதான் விரைவில் தீர்ந்துவிடும்.

கத்தியைத் தீட்டுதல், அதிகாலையில் பணி தொடங்குதல், மழைக்காலத்தில் மரத்துக்கு மழைக்காப்பு கட்டுதல் ஆகியவையும் பாடத்தில் அடங்கும். வெயில் ஏறுவதற்கு முன் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால், அந்நேரத்தில் பால் நன்கு வடியும். பாலைக் காடித்தன்மையுள்ள ஃபார்மிக் அமிலத்தால் உறையவைத்து ஷீட்டாக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது. அமிலத்தைக் கையாளும்போது கையுறை அணிவது இன்றியமையாதது. ஷீட்டின் தூய்மையும் உலர்வும் அதன் தரப்பிரிவை நிர்ணயிக்கின்றன. விலையும் அதற்கேற்பவே கிடைக்கும்.

வெட்டு இடைவெளி

ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது நெடுங்கால வழக்கம். ஆட்பற்றாக்குறையாலும் கூலிச் செலவாலும், வாரம் ஒருமுறை வெட்டும் முறையை ரப்பர் ஆராய்ச்சி நிலையம் ஊக்குவித்து வருகிறது. இதில் எத்திஃபான் என்ற ஊக்கியை உரிய அளவில் பட்டையில் பூச வேண்டும். ஊக்கி மிகுந்தாலும், தினசரி வெட்டினாலும் பட்டை வறண்டு பால் நின்றுவிடும் அபாயம் உண்டு. எனவே இம்முறைக்கு மாறுவோர் முன்னதாகப் பயிற்சி பெறுவது நல்லது.

பயிற்சி எங்கே கிடைக்கும்?

1947ஆம் ஆண்டு ரப்பர் சட்டத்தின்கீழ் அமைந்த ரப்பர் வாரியம், மத்திய வர்த்தக அமைச்சகத்தின்கீழ் கோட்டயத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்குகிறது. அதன் ஆராய்ச்சி நிலையம் 1955இல் தொடங்கப்பட்டது. தேசிய ரப்பர் பயிற்சி நிறுவனமும் கோட்டயத்தில் செயல்படுகிறது. தமிழகப் பகுதி விவசாயிகள் மார்த்தாண்டத்தில் உள்ள வாரியத்தின் மண்டல அலுவலகத்தை அணுகலாம். ஊர்தோறும் உள்ள ரப்பர் உற்பத்தியாளர் சங்கங்கள் வழியாகவும் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன.

பல ஆண்டுகளாகத் தொழில் செய்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு, 2015இல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் முன்கற்றலை அங்கீகரிக்கும் பிரிவு உள்ளது. ரப்பர் வாரியம் இதன் வழியே பால்வெட்டுத் தொழிலாளருக்குப் பயிற்சியும் சான்றும் வழங்கியுள்ளது.

சட்டத்தின் இடைவெளி

1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி, 30 அல்லது அதற்கு மேற்பட்ட பணியாளர்களைக் கொண்ட நிறுவனங்கள் பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமும் நடைமுறையில் இருந்தபோது, பிற்காலத் திருத்தத்தின்படி 5 ஹெக்டேர் அல்லது அதற்கு மேற்பட்ட தோட்டங்களுக்கே பொதுவாகப் பொருந்தியது. ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருப்பவரும், அவரிடம் கூலிக்கோ பங்குக்கோ வெட்டும் தொழிலாளியும் இந்த வரம்புகளுக்குள் வருவதில்லை. ஆகவே இவர்களுக்குப் பயிற்சி என்பது சட்டக் கட்டாயமாக இல்லாமல், தாமே முன்வந்து பெற வேண்டிய ஒன்றாகவே உள்ளது.

பயிற்சிக்குச் செல்லும் நாட்களில் தொழிலாளி கூலியை இழக்க நேரிடும். பிப்ரவரி, மார்ச் மாதங்களில் இலையுதிர்வையொட்டி மரங்களுக்கு ஓய்வு அளிக்கப்படும். அக்காலத்தில் பயிற்சி பெற்றால் இந்த இழப்பு பெரிதும் குறையும். புதியவரை நல்ல விளைச்சல் தரும் இளமரங்களில் பழக்குவதைத் தவிர்த்து, விரைவில் வெட்டி அகற்றவுள்ள முதிர்ந்த மரங்களில் பழக்குவது தோட்டத்துக்கும் பாதுகாப்பானது.